மூச்சடிக்கு ஒரு சாட்சி

சிவமயம்

குடிகாடு,
மார்கழித் திருவாதிரைக்கு மறுநாள்.

சிரஞ்சீவி சுப்புராயனுக்குத் தந்தை தில்லைநாதன், அம்பலத்தில் ஆடும் பெருமானை முன்னிறுத்தி எழுதுவது. நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் நேராதபடி அவன் அருள் காத்து நிற்பதாக.

வழக்கைப் பற்றித் தொலைபேசியில் ஒரு சொல்லும் பேசலாகாது என்று வக்கீல் உபைதுல்லா கண்டித்துச் சொல்லிவிட்டார். ஆகவே இதை எழுதி, உன்னைப் பார்க்க மதுரைக்கு வரும் உன் நண்பன் முஹம்மது ஆசிக்கின் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஜாமீன் கிடைத்தும் நீ எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாய். காலைதோறும் அங்கே காவல் நிலையத்தில் கையெழுத்து. கடலூர் மாவட்ட எல்லைக்குள் கால் வைக்கத் தடை. கையெழுத்திடப் போகுமுன் கோயிலுக்குப் போய் வருகிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் தாயார் கேட்பதெல்லாம் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பது ஒன்றுதான்.

அவளுக்கு இந்த மார்கழி கடுமையாக இருக்கிறது. பனி இறங்கினால் தொழிற்பேட்டைப் புகையும் கூடவே இறங்கி நம் தெருவிலேயே படுத்துக்கொள்கிறது. நெபுலைசரை முகத்தில் வைத்துக்கொண்டே கோலம் போட உட்காருகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. உன் அண்ணன் அன்புமணிக்கு அந்தப் புகையை விடும் ரசாயன ஆலையில் இன்னும் ஒப்பந்த வேலைதான். உன் அண்ணி ஸ்ரீமதிக்கு ஐந்தாம் மாதம். இந்தக் காற்றில் அவளை வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால் காட்டுமன்னார்கோயிலில் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அன்புமணிக்கு வேலை நிரந்தரமானால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு பார்த்துக் குடிபோய்விடலாம் என்பது அவனுடைய எண்ணம்.

நேற்றுத் தரிசனத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். தேர் வீதியில் நின்றபோது, வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் இடையில் உன் குரல் கேட்டது. ஒரு செல்பேசியிலிருந்து வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நின்று கூடவே பாடினார்கள்.

தண்ணி லாரி வரலடா, கொடம் காஞ்சி கெடக்குடா,
சன்னலெல்லாம் சாத்துடா, காத்து வந்து நிக்குதடா,
யாரு வுட்ட காத்துன்னு கேக்காதடா, கேட்டா...

அந்த இடத்தில் சொல் நின்றது. டிரம் ஒலி மட்டும் ஓடியது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூ விற்கும் அம்மையாரும் பொத்தினார். சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இப்படித்தான் பொத்துகிறார்களாம். ராப் என்னும் பாட்டில் எத்தனையோ ஊர் வகை உண்டு, ஆனால் கடலூர் மூச்சடிதான் இப்போது முதலில் நிற்கிறது என்று ஒரு பையன் இன்னொருவனிடம் சொன்னான். ‘குடிகாடு சுப்புவ உள்ள வெச்சதாலதான் மச்சான் இது இவ்ளோ தூரம் போச்சி’ என்றான் மற்றவன். நான் பக்கத்தில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த மூச்சடி எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இன்று ஆளுக்கொரு வரலாறு சொல்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தெருப்பாட்டு சென்னை வழியாக நம் கரைக்கு வந்தது என்கிறது ஒரு நாளிதழ். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் காலியான நீல டிரம்மைத் தட்டிப் பழகியது என்கிறான் ஆசிக். தன் செல்பேசிக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு முதல் பாட்டைப் பதிந்தவன் அவன். ஆகையால் அவன் சொல்வதில் பாதி உண்மை.

மற்றப் பாதி எனக்குத் தெரியும். நீ தாயின் மடியில் தூங்கிய வயது. அவள் தாலாட்டுவாள். மூன்று அடி வரும். நான்காம் அடிக்கு மூச்சு வராது. அந்த ஆலை அப்போதுதான் வந்திருந்தது, அவளுக்கு இளைப்பும் அப்போதுதான் வந்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டு நின்றால் தூக்கம் வரும். உனக்கு நின்ற இடத்தில் விழிப்பு வரும். பக்கத்தில் இருந்த டிரம்மில், அவளுக்கு மூச்சுத் திரும்பும்வரை, உன் சிறு கையால் தட்டிக்கொண்டே இருப்பாய். அவள் திரும்பப் பாடத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுவாய். பின்னாளில் தண்ணீர் வரிசையில் நெடி வந்து எல்லோரும் பேச்சை நிறுத்தும்போதும் அப்படியே தட்டினாய். இதை எந்த நாளிதழும் எழுதவில்லை. யாப்புக் கற்ற நானோ அதை நான்காம் அடி இல்லாத குறைப்பாட்டு என்று நினைத்து, நீ தட்டும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பாராயணம் செய்தேன். உனக்கு ஒரு சந்தமும் நான் கற்பித்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், தரிசனம் முடிந்து வக்கீலைப் பார்க்கப் போனேன். நீ சிதம்பரம் மேடையில் பாடிய அன்று கூட்டத்தில் சிலர் ஆலை லாரியை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள் அல்லவா? நீ அப்போது மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய் என்பது வழக்குக்கு முக்கியமில்லையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘அய்யா, பாட்டுல ஆலைன்னு ஒரு வார்த்த கெடையாது. அவுங்க கேஸே அந்த எடவெளிதான். ஜனங்க மூக்கப் பொத்துறாங்க பாருங்க, அதத்தான் தூண்டுதல்ங்கிறாங்க. அது பழைய சந்தம், பெரியவங்க காலத்துலேந்து வர்றது, நான்தான் எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தேன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லிட்டா கேஸு நிக்காது. ஆதாரத்துக்கு ஒரு பழம்பாட்டு எடுத்துக் காட்டுங்க. உங்களுக்கா பஞ்சம்!’

நான் எழுந்து வந்துவிட்டேன். கூண்டில் ஏறினால் சத்தியம் செய்ய வேண்டும். நாற்பது ஆண்டுகள் கோயிலில் பதிகம் ஓதி நாவால் தொண்டு செய்தவனுக்கு அது வெறும் சடங்கு ஆகாது. சொல்லாவிட்டால் உனக்குச் சிறை. உன் மனத்தில் இருப்பதை ஆசிக்கிடம் சொல்லி அனுப்பு.

தில்லைக் கூத்தன் உன்னைத் தன் நிழலில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆசி கூறும் தந்தை
தில்லைநாதன்

* * *

சிவமயம்

குடிகாடு,
தைப்பூசத்துக்கு முதல் நாள்.

அன்பு மகன் சுப்புராயனுக்கு ஆதிமூலமான இறைவன் அருளால் எல்லா மங்கலமும் உண்டாகுக.

உன் பதில் வந்தது. நீ ஆசிக்கிடம் சொன்ன சொற்களை அவன் மாற்றாமல் சொன்னான்: ‘அப்பாவ எதையாச்சும் சொல்லச் சொல்லுடா மச்சான். என்னால இங்க முடியல.’ சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அடியார் கரையேறிய ஊருக்குப் பக்கத்தில்தான் நாம் இருக்கிறோம். ஆனால் நீ அடியார் இல்லை, என் பிள்ளை.

இதற்கிடையில் உன் அண்ணனை ஆலையில் அவனுடைய சூப்பர்வைசர் தனியே அழைத்திருக்கிறார். ‘ஒங்க வக்கீலு நல்ல வழிதான் சொல்லியிருக்காராமே. எங்க மேனேஜருக்கும் அதுதான் வேணும். பெருசு கோர்ட்ல அப்டிச் சொல்லிட்டாருன்னா அடுத்த லிஸ்ட்ல ஒம் பேரு பெர்மனென்ட்’ என்றாராம். நான் திகைத்துப் போனேன். உன்னைச் சிறையில் போடுவதைவிட, அந்த இடைவெளிக்கு வேறொரு பொருள் கிடைப்பதுதான் அவர்களுக்கு லாபம். வாதியும் பிரதிவாதியும் என் வாயிலிருந்து ஒரே வாக்கியத்தை எதிர்பார்க்கிறார்கள். அன்புமணி எதையும் கேட்கவில்லை. ‘ஒங்க இஷ்டம்ப்பா’ என்று சொல்லிவிட்டு, வீடு காலியிருக்கிறதா என்று திருப்பாதிரிப்புலியூருக்குப் பார்க்கப் போய்விட்டான்.

பழம்பாட்டைத் தேடினேன். எனக்குப் பாடமான பதிகங்கள் அனைத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான்காம் அடியில் சொல்லை நிறுத்திய பாட்டு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? அவற்றைப் பாடியவர்கள் எல்லோரும் நல்ல காற்றைச் சுவாசித்தவர்கள்.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வக்கீலிடம் ‘அப்படிப்பட்ட பாட்டு இல்லை’ என்று சொல்லிவிடும் எண்ணத்தோடு சிதம்பரத்துக்குப் பேருந்தில் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் இரண்டு அடிகள் தானாக வந்தன.

கடலலை புரள்கரை யிடைநட மாடும்
கழலடி நினைபவர் மனமுறை தேவே

புதுச்சத்திரம் வருவதற்குள் மூன்றாம் அடியும் அமைந்துவிட்டது. நான்காவதன் இடத்தில் மௌனம். ஆயுள் முழுவதும் நான் கட்டிய வெண்பாவும் விருத்தமும் எனக்கு இவ்வளவு எளிதாக வசப்பட்டதில்லை. சொல்லில் பழமை இருந்தது, பெயர் தெரியாத புலவர் பாடியதென்றால் எவரும் நம்புவர். வக்கீலிடம் பாடிக் காட்டினேன். அவர் எழுந்து நின்று, ‘மாஷா அல்லாஹ்! இத வெச்சிக்கிட்டா அய்யா பஞ்சம் பாடினீங்க?’ என்றார். பழம்பாட்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் தாயாரிடம் இதெல்லாம் சொல்லவில்லை. உனக்காக ஏதோ பேசப் போகிறேன் என்ற அளவில் தெரியும். பூசம் கழிந்த மறு திங்கட்கிழமை என் சாட்சி. நீ வந்தால் கூட்டம் கூடிவிடும் என்று போலீசார் சொல்வதால் அன்று உனக்கு விலக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மனத்தைத் தளரவிடாதே. இரவில் ஐந்தெழுத்தைச் சொல்லிவிட்டுப் படு.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் தந்தை
தில்லைநாதன்

* * *

சிவமயம்

குடிகாடு,
மாசி மகத்துக்கு மூன்று நாள் இருக்கையில்.

சுப்புராயனுக்கு இறைவன் தெளிந்த அறிவையும் துணிந்த நெஞ்சையும் அருளுவானாக.

சாட்சி முடிந்த செய்தியை வக்கீல் சொல்லியிருப்பார். தீர்ப்பை மகத்துக்குப் பிறகு என்று ஒத்தி வைத்திருக்கிறார்கள். உனக்கு விடுதலை உறுதி என்கிறார். அவர் சொல்லாதவற்றை எழுதுகிறேன்.

உன் தாயார் கூட வருவேன் என்றாள். ‘புள்ளைக்காகப் பேசப் போறீங்க, நான் வரக்கூடாதா?’ என்று கேட்டவளை எப்படித் தடுப்பது? கதவோரப் பெஞ்சில் உட்கார வைத்தேன். இது தொன்றுதொட்டு வரும் சந்தம் என்றேன். நானே என் மகனுக்குக் கற்பித்தேன் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் பாடச் சொன்னார். பாடினேன். நான்காம் அடியில் நிறுத்தி, கூண்டின் மரத்தில் விரலால் தட்டிக் காட்டினேன். மன்றம் அசையாமல் கேட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஓசைதான் இருந்தது. கதவோரத்திலிருந்து, உன் தாயாரின் இளைப்பு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் சிதம்பரத்துப் பேராசிரியர் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டார். அந்த மௌன அடி, நடராசர் சந்நிதியில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஆகாச வெளியின் இசை வடிவம் என்றார். கட்டுரை எழுதப் போகிறாராம். அந்த வெளியைப் பற்றி எத்தனை மார்கழியில் விரிவுரை செய்திருக்கிறேன்! அங்கே ஒன்றும் இல்லாத இடத்தில் எல்லாமாய் நிற்பவன் ஒருவன் இருக்கிறான். நான் பாடிய வெளியில் நிற்பது புகை. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பேருந்தில் உன் தாயார் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, கோபமே இல்லாத குரலில், ‘எம் மூச்சு நின்னதையும் நீங்களே சொல்லிக் குடுத்ததா சொல்லிட்டீங்களே’ என்றாள்.

அடுத்த வாரமே அன்புமணிக்கு நிரந்தர ஆணை வந்தது. ஆணையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து வணங்கினான். எழுந்தபோது அவன் கண் என் கண்ணைத் தவிர்த்தது. ஆலையிலிருந்து ஒரு அதிகாரி பழத்தட்டும் பொன்னாடையுமாக வீட்டுக்கே வந்தார். அந்தப் ‘பழம்பாட்டை’ நடராசர் படத்தோடு தங்கள் நாட்காட்டியில் அச்சிடப் போகிறார்களாம்; எழுத்துப்பிழை இல்லாமல் நானே பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். கோயில் விழாக் குழுவினர் அந்தப் பாட்டுக்கு மட்டும் தனியே ஒரு நாள் விரிவுரை கேட்கிறார்கள். சென்னைப் பிள்ளைகள் அதையும் டிரம்மில் தட்டிப் பாடத் தொடங்கிவிட்டார்களாம். நான்காம் அடி வரும்போது மூக்கைப் பொத்துவதில்லை, கை கூப்புகிறார்களாம். ஆசிக் இதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றான், முடியவில்லை.

நம் தெருவில் யாரும் என்னை வையவில்லை. தண்ணீர் லாரி வந்தால் முன்போலவே, ‘வாத்தியாரய்யா மொதல்ல புடிக்கட்டும்’ என்று வழி விடுகிறார்கள். எதிர் வீட்டு இருசம்மாள் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி, ‘ஏன் வாத்தியாரய்யா, எங்க புள்ளைங்க இத்தினி வருசமா மூக்கப் பொத்திக்கிட்டதும் பழைய பாட்டுக்குத்தானா?’ என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பகையில்லாத சிரிப்புத்தான். காற்றைப் பற்றி அவர்கள் கொடுத்திருந்த மனுவை விசாரிக்க வந்த அதிகாரி, அந்த மூச்சடி வெறும் கோயில் பாட்டு என்று கோர்ட்டிலேயே சொல்லியாகிவிட்டதே என்று சொல்லித் திரும்பிவிட்டாராம்; அதை எனக்கு அவள் சொல்லவில்லை, அன்புமணி சொன்னான்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் காலையில் உன் தாயார் என்னெதிரில் வந்து உட்கார்ந்தாள். நெபுலைசரை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ‘நான் கோர்ட்டுக்குப் போறேன். எனக்கு எப்ப மூச்சு நின்னுது, ஏன் நின்னுதுன்னு நானே சொல்றேன். அந்தப் பாட்டு என்னோடது. நீங்க ஒண்ணும் கூட வர வேணாம்.’ போனால் நீ உள்ளே போவாய் என்றேன். அன்புமணியின் வேலை போகும் என்றேன். பிறக்கப் போகும் குழந்தை இந்தக் காற்றில்தான் கண் விழிக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ என்றாள். கடைசியில், ‘சுப்புவக் கேளுங்க. அவன் வேணாம்னா நான் வாயத் தொறக்கல. அவன் போன்னு சொன்னா போறேன். தட்டுனது அவந்தானே’ என்று எழுந்து போய்விட்டாள்.

வக்கீலைக் கேட்டேன். தீர்ப்புக்கு முன் இன்னொரு சாட்சிக்கு மனுப் போட முடியும். போட்டால் எல்லாம் தலைகீழாகும் என்றார். எனக்கும் பொய்ச்சாட்சிக்குத் தண்டனை உண்டாம். அதை நீ கணக்கில் வைக்காதே.

இரண்டு நாளாக உனக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று அவளுக்கு எழுதிவிடு என்று சொல்ல நாக்கு எழுகிறது. பெற்றவன் நாக்கு அப்படித்தான் எழும். போகச் சொல் என்று உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கம்பிக்குள் கழியப்போவது உன் இளமை. நூல்களில் விடை தேடினேன். எல்லா நூலும் நான் கூண்டில் ஏறும் முன்பே விடை சொல்லி முடித்துவிட்டது. ஏறிய பிறகு என்ன செய்வது என்பதை என் ஒருவனுக்காக அவை எழுதி வைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் பதில் எதுவானாலும் அதை எனக்கு எழுதாதே. ஆசிக்கின் வாய்ச்சொல்லாகவும் அனுப்பாதே. உறையின் மேல் விருத்தாம்பாள் என்று அவள் பெயரை எழுதித் தபாலில் சேர்த்துவிடு. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நேரமாகும், ஆகட்டும். நான் படித்துக் காட்டுகிறேன் என்று கை நீட்டினாலும் என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. அவள் படித்து முடிக்கும்வரை நான் தெருவில் நின்றுகொண்டிருப்பேன்.

மகனே, உன் கையில் எழுத்து நடுங்காதிருக்க அந்தப் பெருமானை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் தந்தை
தில்லைநாதன்